எட்டுப் பெண்களில் ஒருத்தியை வெட்டி எடுத்த கதை

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் போன மாதம் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். காதணி விழா. நடுவில் குழந்தை, தலையில் கிரீடம், பின்னால் நீர்வீழ்ச்சி, மயில், எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு வெள்ளைக் குதிரை. ஓரத்தில் தாய்மாமன் கும்பிட்டபடி நிற்கிறார். யாரோ அவசரத்தில் அவர் படத்துக்குப் பேக்ரவுண்ட் எடுத்திருக்கிறார்கள். பேக்ரவுண்டோடு சேர்ந்து மாமனின் வலது காதும் போய்விட்டது. மடியில் உட்காரவைத்துக் குழந்தைக்குக் காது குத்தப்போகிற மனிதருக்கே ஒரு காது இல்லை. நடுரோடு என்பதை மறந்து நின்று சிரித்தேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் என் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிக்க உரிமை உண்டு. நான்கு வருடம் அந்த வேலையைத்தான் செய்தேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் 'டிசைனர்' என்று சீட்டில் எழுதி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் அம்மா அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் எதையும் டிசைன் செய்யவில்லை. பஷீர் பாய் ஷூவைப் போட்டோ பிடிப்பார். நான் அந்தப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஷூவை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கும் மேசை, துணி, நிழல், பாயின் கட்டைவிரல் எல்லாவற்றையும் நீக்குவேன். வெள்ளைத் தாளில் ஷூ மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்தப் படங்களைப் புத்தகமாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான் என் டிசைன்.

வேலை என்னவோ எளிது போலத் தெரியும். போட்டோஷாப்பில் பென் டூலை எடுத்துக்கொண்டு ஷூவின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று, நடுவில் இருக்கும் கோட்டை இழுத்து வளைக்க வேண்டும். இப்படியே சுற்றி வந்து முதல் புள்ளியைத் தொட்டால் முடிந்தது. ஆண்கள் ஷூ என்றால் அரைமணி. பெண்கள் செருப்பு என்றால் இரண்டு மணி நேரம். வார், வாருக்கு நடுவில் சந்து, சந்துக்குள் பக்கிள், பக்கிளுக்குள் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையையும் தனித்தனியாகச் சுற்றி வர வேண்டும். எந்த மகராசி இதையெல்லாம் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போகிறாள் என்று திட்டிக்கொண்டே சுற்றுவேன்.

கம்ப்யூட்டர் ரூம் என்பது சாம்பிள் செக்‌ஷன் மூலையில் பிளைவுட் அடித்துத் தடுத்த ஒரு பெட்டி. உள்ளே ஏசி உண்டு. எனக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. அந்த அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று மேனேஜர் சட்டம் போட்டிருந்தார். தூசியில் வைரஸ் வந்துவிடுமாம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஷூ தைக்கிற கம்பெனியில் நான் மட்டும் காலை முதல் மாலை வரை வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். அவர் சாக்ஸில் ஓட்டை இருப்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஓரம் வெட்டி முடித்ததும் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை ஒரு இன்ச் விடாமல் பார்த்துச் சுத்தம் பண்ண வேண்டும். தோல் என்பது ஒரு காலத்தில் உயிரோடு மேய்ந்த மாட்டுடையது. முள் கிழித்திருக்கும், உண்ணி கடித்திருக்கும், வேலிக் கம்பி இழுத்திருக்கும். வெளிநாட்டுக்காரருக்கு அந்த மாடு மேய்ந்ததே தெரியக் கூடாது. அதற்கு ஸ்டாம்ப் டூல் என்று ஒன்று. பக்கத்தில் இருக்கிற நல்ல இடத்தை எடுத்துக் கெட்ட இடத்தின்மேல் வைத்து அழுத்தினால் கோடு மாயமாகிவிடும். ஒரு வருடத்தில் என் கை அதில் அப்படிப் பழகிவிட்டது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் கழுத்து மச்சத்தைப் பார்த்தால்கூட விரல் துடிக்கும்.

கிரேஸ் அந்தக் கம்பெனியில் தோல் செக்கிங்கில் இருந்தாள். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தோலையும் மேசையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தழும்பு இருக்கிற இடத்தையெல்லாம் வெள்ளி மை பேனாவால் வட்டம் போடுவாள். வட்டத்துக்குள் கத்தி போகக் கூடாது என்று அர்த்தம். அவள் வட்டம் போட்டால் சூப்பர்வைசரும் எதிர்த்துப் பேசமாட்டார். என்னைவிட மூன்று வயது பெரியவள். என்னை 'சார்' என்பாள். அந்த சாரில் மரியாதை கம்மி, கிண்டல் ஜாஸ்தி. ஏசிக் காற்று வாங்க டீ நேரத்தில் வந்து வாசலில் நின்றுகொண்டு, இன்றைக்கு எத்தனை செருப்புக்கு விமோசனம் கொடுத்தீர்கள் என்று விசாரிப்பாள்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். இல்லை. எனக்கு அப்போதே மாமா பெண்ணை நிச்சயம் பண்ணியிருந்தார்கள். ஆவணியில் கல்யாணம்.

கிரேஸுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. புருவத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு காதுப் பக்கம் ஒரு விரல்கணு நீளத்துக்குப் போகும். சின்ன வயதில் அடிபம்பின் கைப்பிடி துள்ளி அடித்ததாம். அவள் அம்மா நர்ஸ். தான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே மகளின் தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஐந்து தையல் போட்டிருக்கிறார். அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சர்ச் சபையில் மூப்பர். பொய் என்றால் அவருக்கு ஜுரம் வந்துவிடும் என்று கிரேஸே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் டீ நேரத்தில் கையில் ஒரு போட்டோவோடு வந்தாள். கம்பெனி கிறிஸ்துமஸ் விழாவில் பஷீர் பாய் எடுத்தது. செக்கிங் பெண்கள் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். வெயில் இடது பக்கம் விழுந்து கிரேஸின் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. இதிலிருந்து தன்னை மட்டும் தனியாக எடுத்துத் தர முடியுமா என்றாள். திருப்பத்தூரில் ஒரு வரன். பையன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். போதகரின் மனைவி சொல்லி வந்த இடம்.

இவ்வளவு நல்ல ஸ்டூடியோக்கள் ஊரில் இருக்க, இந்த வெயில் போட்டோவை ஏன் கொண்டுவருகிறாள் என்று கேட்டேன்.

"ஸ்டூடியோல குடுத்தா மூஞ்சிய வழவழன்னு ஆக்கிடறாங்க சார். ரெண்டு வாட்டி வந்தவங்க அந்தப் போட்டோவ நம்பி வந்துட்டு, என்னப் பாத்துட்டு, பலகாரம் துன்னுட்டுப் போய்ட்டாங்க. இந்த வாட்டி பாத்துட்டு வர்றவங்க வரட்டும். நீங்க ஷூவத்தான வெட்டறீங்க, மனுசங்க மூஞ்சில கை வைக்க மாட்டீங்கன்னுதான் இங்க எடுத்தாந்தேன்."

தோழியின் கை அவள் தோளில் கிடந்தது. அதை மட்டும் எடுத்துவிடலாம், வேறு எதையும் தொடக் கூடாது என்றாள். நான் தலையாட்டினேன். சத்தியமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் முழுக்க அதில்தான் உட்கார்ந்தேன். ஷூவுக்கு முடி கிடையாது. மனுஷிக்கு இருக்கிறது, அதுவும் கிரேஸுக்குச் சுருட்டை முடி. ஒவ்வொரு சுருளாகச் சுற்றி வந்தேன். தோளில் இருந்த கையை எடுத்து அந்த இடத்தில் புடவை வைத்தேன். பக்கத்துப் பெண்ணின் கனகாம்பரம் கிரேஸின் கன்னத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது, அதையும் இறக்கினேன். நீலமாக ஒரு பேக்ரவுண்ட் கொடுத்தேன். எனக்கே பிரமிப்பாக இருந்தது. அப்புறம் வழக்கம்போல நான்கு மடங்கு பெரிதாக்கி, இடது மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். கை தன் பாட்டுக்குப் போனது. நான் என் கல்யாணச் சட்டைக்கு என்ன கலர் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஷீர் பாய் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமோ கம்மியா இருக்கேப்பா" என்றார். என்ன என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏழு பெண்கள் கம்மியாக இருக்கிறார்கள் பாய் என்றேன். பெரிய ஹாஸ்யம் பண்ணிவிட்ட நினைப்பு எனக்கு.

பிரிண்ட் போட்டு, அட்டை வைத்துக் கவரில் போட்டு ஒட்டி வைத்தேன். அன்றைக்கு கிரேஸ் லீவு. அவள் அப்பாவே கம்பெனி கேட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டார். தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று கவரைப் பிரிக்காமலே பெரிய கவருக்குள் போட்டு, எழுதி வைத்திருந்த கடிதத்தையும் வைத்து அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தில் அவர் எழுதியிருந்ததைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 'படத்தில் இருப்பதுதான் என் மகள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.'

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தார்கள். திங்கட்கிழமை காலை கிரேஸ் கம்ப்யூட்டர் ரூமுக்குள் வந்தாள். செருப்புக் காலோடு வந்தாள். மேனேஜரே செய்யாத காரியம். கீபோர்டின் மேல் நான் போட்ட பிரிண்டை வைத்தாள். கம்பெனிக் கோட்டின் மேல் பாக்கெட்டிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்து, போட்டோவில் தன் இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க இருந்திச்சி" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். புருவம் ஒரே கோடாக, வில் மாதிரி அழகாக இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று என்னவோ உளறினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தழும்பப் பாத்து வேணான்னு போனா எனக்குப் புரியும் சார். இப்ப மாப்ளயோட அம்மா எங்கப்பா எழுதின லெட்டர அவர்கிட்டயே படிச்சிக் காமிச்சி, வாத்தியாரே இப்டி ஏமாத்தலாமான்னு கேட்டுட்டுப் போய்ட்டாங்க. அவர் நேத்துலருந்து சாப்புடல."

அவள் போன பிறகு தரையில் செருப்புத் தடம் இருந்தது. துடைக்க மனசு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. அந்த வரன் போனால் போகட்டும், அந்தப் பெரியவர் பட்டினி கிடப்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. பஷீர் பாயிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவிவிட்டு, "பேஜார் பண்ணிட்டியேப்பா. கெளம்பு, நானும் வர்றேன்" என்றார். நீ தனியாகப் போனால் கதையே வேறாகிவிடும் என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

அடுத்த ஞாயிறு வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூர் பஸ். கையில் அந்த எட்டுப் பேர் போட்டோ. பாய் ஒரு கவரில் என்னவோ வைத்திருந்தார், கேட்டால் சொல்லவில்லை. வழியெல்லாம் நான் ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன். நிஜத் தோலில்தான் தழும்பு இருக்கும், தழும்பே இல்லாதது ரெக்சின் என்பதுதான் வசனம். சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் கண் கலங்கிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை.

மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். யார், எந்த ஊர் என்று கேட்டு உட்காரச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வசனத்தைச் சொன்னேன். அவர் கண் கலங்கவில்லை.

"நீ பொண்ணப் பத்திப் பேச வந்தியா, தோலப் பத்திப் பேச வந்தியா?" என்றார்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். நீ அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம், கூட வேலை செய்கிறவன், போட்டோவை நான்தான் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பண்ணினேன் என்றேன். நான்கு மணி நேரமா என்று அவர் புளியைக் கீழே வைத்தார். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். பாய் ஏன் கூட வந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆவணியில் இவனுக்குக் கல்யாணம், மாமா பெண், பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது என்று பாய் குறுக்கே புகுந்தார். கவரைப் பிரித்து இரண்டு படங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒரே பழுப்பு ஷூ. ஒன்றில் மூக்கின்மேல் நீளமாக ஒரு முள் கீறல். மற்றதில் இல்லை.

"இது நான் புடிச்சதும்மா. இது இவன் கை பட்டது. கோடு எங்கன்னு தேடிப் பாருங்க."

அந்தம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தார். அப்புறம் என் கைகளைப் பார்த்தார். ஏதோ தொற்றுவியாதிக்காரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அப்படியானால் பெண்ணின் அப்பாவுக்கு இது தெரியாதா என்று கேட்டார். அவர் கவரைப் பிரித்தே பார்க்கவில்லை, அந்தப் பெண்ணும் பார்க்கவில்லை, தழும்பு தெரிய வேண்டும் என்றுதான் என்னிடம் கொண்டுவந்தாள் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. வசனம் பண்ணாததை அது பண்ணியது.

"ஐயோ, நான் அந்த மனுசன என்னென்னவோ கேட்டுட்டேனே" என்றார் அந்தம்மா.

அதுவரை கதவோரம் ஒருவர் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை. சாமுவேல் என்று பெயர். ஒல்லியாக, சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு இருந்தார். எட்டுப் பேர் போட்டோவை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மாதான் பதில் சொன்னார். "டேய், அதுல எட்டுப் பொண்ணு இருக்குதுடா."

"அப்ப இவரே இன்னொரு வாட்டி வெட்டிக் குடுக்கட்டும்" என்றார் சாமுவேல். "இந்த வாட்டி எல்லாத்தையும் விட்டு வைக்கச் சொல்லு."

அடுத்த நாளே அந்தம்மா கிரேஸ் வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாராம். அவர் எழுந்து நின்று கை குவித்தாராம். அப்புறம் எல்லோருமாக ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பா இரண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்கினார் என்பதை கிரேஸ் எனக்குத் தனியாகச் சொன்னாள்.

இரண்டாம் முறை வெட்டியதுதான் என் வாழ்க்கையிலேயே கடினமான வேலை. சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. பஷீர் பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கையில் ஸ்கேலோடு உட்கார்ந்துகொண்டார். மவுஸ் முகத்துப் பக்கம் போனால் விரல் முட்டியில் ஒரு அடி. ஐந்து அடி வாங்கினேன். பிரிண்டை கிரேஸிடம் கொடுத்தபோது அவள் அதை மேசையில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, தோலைப் பார்ப்பது போலவே முழுக்கப் பார்த்தாள். வெள்ளிப் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. "பாஸ் சார்" என்றாள். எந்த வெளிநாட்டுக்காரர் சொல்லியும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சபையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது. என் கல்யாணமும்தான். கிரேஸின் கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் எல்லாப் படத்திலும் தழும்பைத் துடைத்தெடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. பிளைவுட் அறை இருந்த மூலையில் ஐஸ்கிரீம் கொடுக்கிறார்கள் என்று என் மனைவி கண்டுபிடித்துச் சொன்னாள். நான் வெட்டிய செருப்புகள் இருந்த சிடிக்களை எந்தக் கம்ப்யூட்டரும் வாங்கிக்கொள்வதில்லை. பஷீர் பாய் வாணியம்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் பண்ணினால், "இன்னாப்பா, கை அரிப்பு நின்னுதா" என்பதுதான் முதல் விசாரணை.

சென்ற டிசம்பரில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் கிரேஸையும் சாமுவேலையும் பார்த்தேன். பெண்ணைக் காலேஜில் விட்டுவிட்டு வருகிறார்களாம். அவருக்குத் தலை முழுக்க நரை. கிரேஸ் கொஞ்சம் பருத்து, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தாள். பேசிக்கொண்டே இருக்கையில் என் கண் அவள் இடது புருவத்துக்குப் போய்விட்டது. பாழாய்ப்போன பழக்கம். புருவம் நரைத்து மெலிந்திருந்தது, ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாகக் கோடுகள். எது சுருக்கம், எது அது என்று தெரியவில்லை.

அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"தேடாதீங்க சார், அது போய்டுச்சி. இந்த வாட்டி உங்க மேல தப்பில்ல."

சாமுவேல் கையில் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "எங்க போச்சி, இங்கதான இருக்குது" என்று இன்னொரு கையை நீட்டி அவள் புருவத்தில் ஒரு இடத்தைத் தொட்டார். பஸ் ஸ்டாண்டுல இன்னா இது என்று அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவர் தொட்ட இடத்தை நான் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் உற்றுப் பார்த்தேன். நான்கு மடங்கு பெரிதாக்கி மணிக்கணக்கில் பார்த்தவன் நான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.